பையனை சண்டே ஸ்கூலுக்கு அனுப்பிட்டா நம்ம வேலை முடிஞ்சுதா? (ஞாயிறு டியூஷன் பஞ்சாயத்தும் இருக்கு)

நாசரேத்துக்காரன் | வெள்ளி இரவு 10:42

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, இப்பதான் முதல் தடவையா எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

நாங்க சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை). சொந்த ஊர் நாசரேத் பக்கம், சென்னை வந்து 15 வருஷம் ஆச்சு. பையன் ஒன்பதாவது, பொண்ணு நாலாவது. பையன் இந்த வருஷம் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன், சபைல முழு அங்கமா சேக்குறது) கிளாஸ் போறான். போன வாரம் கிளாஸ்ல ஐயர் (எங்க பாஸ்டர அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒவ்வொருத்தனையா எழுப்பி "உங்க வீட்ல குடும்ப ஜெபம் எத்தன மணிக்கு?"னு கேட்டிருக்காரு. ஒருத்தன் எட்டு மணிங்கறான், ஒருத்தன் ஒன்பதுங்கறான். நம்ம ஆளு எழுந்து நின்னு "எங்க வீட்ல கரண்ட் போனா பண்ணுவோம் ஐயர்"னு சொல்லிட்டு உக்காந்திருக்கான்.

வீட்டுக்கு வந்து சிரிச்சுகிட்டேதான் சொன்னான். என் வீட்டம்மாவும் சிரிச்சாங்க. எனக்குதான் அன்னைக்கு சோறு இறங்கல. பொய் ஒண்ணும் சொல்லலயே அவன். டிவி ஓடாது, வைஃபை இருக்காது, வேற வழியில்லாம ஒரு மெழுகுவர்த்திய ஏத்தி வச்சு ஒரு பாமாலை பாடுவோம், கரண்ட் வந்ததும் ஆமென். இப்பல்லாம் கரண்டும் போறதில்ல.

ஊர்ல ஆச்சி இருந்தவரைக்கும் ராத்திரி ஜெபம் முடியாம தட்டு வைக்க மாட்டா. நான் தூங்கி விழுவேன், முட்டிக்கால்ல கிள்ளி எழுப்புவா. அப்ப எரிச்சலா இருக்கும். இன்னைக்கு எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச அத்தன சங்கீதமும் அந்த கிள்ளுல வந்ததுதான். என் பிள்ளைங்களுக்கு நான் என்ன குடுத்தேன்னு யோசிச்சா, வாராவாரம் கோயில் வாசல்ல இறக்கி விட்டுருக்கேன். அவ்ளோதான். ஞானஸ்நானத்தன்னைக்கு சபை முன்னாடி நின்னு இவன விசுவாசத்துல வளர்ப்போம்னு வாக்கு குடுத்தோம். அன்னைக்கு போட்ட பிரியாணி ஞாபகம் இருக்கு, போட்டோகிராபர் லேட்டா வந்தது ஞாபகம் இருக்கு, குடுத்த வாக்கு மட்டும் மறந்துபோச்சு.

இன்னொண்ணு. கோச்சிங் சென்டர்ல அடுத்த மாசத்துலேர்ந்து ஞாயிறு காலைல 7 டு 11 டெஸ்ட் வைக்கிறாங்களாம், நீட் ஃபவுண்டேஷன். எங்க ஆராதனை எட்டரைக்கு. வீட்டம்மா "ரெண்டு வருஷம்தானே, கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு"ங்கறாங்க. எனக்கு பதில் சொல்ல வாய் வரல, ஏன்னா நானே கிரிக்கெட் ஃபைனலுக்கு ஆராதனைய கட் அடிச்சவன்.

இதையெல்லாம் இந்த வயசுல ஆரம்பிக்க முடியுமா? பதினாலு வயசு பையன் உக்காருவானா? பட்டவங்க சொல்லுங்க.

---

பாளை டீச்சரக்கா | வெள்ளி இரவு 11:15

தம்பி, கரண்ட் கதைய படிச்சு சிரிச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் 22 வருஷமா சண்டே ஸ்கூல் எடுக்கேன், அந்த சைடுலேர்ந்து ஒரு கணக்கு சொல்லுதேன் கேளுங்க.

எங்களுக்கு கிடைக்கிறது ஞாயித்துக்கிழம முக்கால் மணி நேரம். அதுல பத்து நிமிஷம் பாட்டு, அஞ்சு நிமிஷம் அட்டெண்டன்ஸ், காணிக்கை, "டீச்சர் இவன் அடிக்கான்" பஞ்சாயத்து ஒரு அஞ்சு நிமிஷம். பரீட்சை, லீவு, அசனம் (சபை விருந்து), மழை எல்லாம் போக வருஷத்துக்கு நாப்பது வாரம் வந்தா பெருசு. முழுசா கூட்டினாலும் வருஷத்துக்கு முப்பது மணி நேரம். உங்க கூட அந்த பிள்ளை ஒரு வாரத்துல முழிச்சிருக்கிற நேரமே அதவிட ஜாஸ்தி. ஒரு வருஷத்துல நாங்க சொல்லுததெல்லாம் உங்க வீட்ல ஒரே வாரத்துல அழிஞ்சும் போவும், ஊனியும் போவும். எதுன்னு நீங்கதான் பாத்துக்கிடணும்.

வேதபாட பரீட்சைல 98 மார்க் எடுத்து எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கின பிள்ளைங்க எத்தனையோ பேரு இன்னைக்கு கோயில் பக்கம் தலைவச்சு படுக்கல. மார்க்கே வாங்காம பின்பெஞ்சுல பல்லி பிடிச்சுட்டு இருந்தவன் ஒருத்தன் இன்னைக்கு எங்க சபைல கமிட்டி மெம்பர். அவன் வீட்ல தினமும் ராத்திரி அவங்க அப்பா சைக்கிள் கடைய சாத்திட்டு வந்து, கைல கிரீஸ் போகாம அப்படியே உக்காந்து ஒரு அதிகாரம் படிப்பாராம். அவனே சொன்னது. வசனம் ஒண்ணும் ஞாபகம் இல்லையாம், கிரீஸ் கைதான் ஞாபகம் இருக்காம்.

டியூஷன் விஷயம் நாளைக்கு எழுதுதேன், தூக்கம் வருது.

---

மூணாம்பெஞ்ச் | சனி காலை 7:50

நான் வேற மாதிரி சொல்லப்போறேன், திட்டுறவங்க திட்டிக்கலாம்.

எங்க அப்பா பாஸ்டர். காலைல நாலே முக்காலுக்கு எழுப்பி விடுவாரு, அஞ்சு மணிக்கு குடும்ப ஜெபம், ஒரு நாள் கூட தப்பாது, காய்ச்சல்லயும். தூங்கி விழுந்தா ஸ்கேல். வசனம் தப்பா சொன்னா காலை டிபன் லேட். சபைல எல்லாருக்கும் அவரு தகப்பன் மாதிரி, அழுதா தோள தட்டி குடுப்பாரு. வீட்ல எங்க அம்மாகிட்ட அவரு சாரி சொல்லி நான் பாத்ததே இல்ல. எனக்கு இப்ப 31. காலேஜ் ஹாஸ்டல் போன முதல் ஞாயிறு பத்து மணி வரைக்கும் தூங்கினேன் பாருங்க, அந்த தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் அப்புறம் வரவே இல்ல.

கடவுள் இல்லைனு சொல்ற ஆள் இல்ல நான். ஆனா யாராவது "முழங்கால்படியிடுவோம்"னு சொன்னா இன்னும் வயித்துல ஒரு மாதிரி பண்ணும். அதனால நாசரேத் அண்ணே, திடீர்னு நாளைலேர்ந்து எட்டு மணிக்கு எல்லாரும் ஹாலுக்கு வாங்கனு மட்டும் ஆரம்பிச்சிடாதீங்க. கரண்ட் போனப்ப பண்ண ஜெபத்தை உங்க பையன் சிரிச்சுகிட்டே வெளிய சொல்றான்ல, அது நல்ல அறிகுறி. நாங்கல்லாம் வெளிய சொல்லவே மாட்டோம்.

---

காவற்கோபுரம் | சனி காலை 9:05

மூணாம்பெஞ்ச் பிரதர், உங்க அனுபவத்த மதிக்கிறேன், ஆனா இதை வச்சு கண்டிப்பே வேணாம்னு போயிடக்கூடாது. ஏலி என்ன ஆனாரு? ஆசாரியர், தேவாலயத்துலயே வாழ்ந்தவர், பிள்ளைங்க பண்ற அக்கிரமம் தெரிஞ்சும் அடக்கல. 1 சாமுவேல் 3ல கர்த்தர் அதைத்தானே குற்றமா சொல்றாரு. இன்னைக்கு அப்பா அம்மாங்க பிள்ளைங்ககிட்ட ஃப்ரெண்டு மாதிரி இருக்கணும்னு சொல்லி போனை கைல குடுத்துட்டு, 18 வயசுல வந்து "பாஸ்டர் ஜெபம் பண்ணுங்க"னு நிக்கிறாங்க. டியூஷனுக்காக ஆராதனைய விடலாமானு ஒரு கேள்வியே வரக்கூடாது. எங்க வீட்ல ஞாயிறுனா ஞாயிறுதான், பேச்சுக்கே இடமில்ல.

---

மூணாம்பெஞ்ச் | சனி காலை 9:21

ஏலிய பத்தி பேசுறப்ப எபேசியர் 6:4 முதல் பாதியையும் படிங்க பிரதர். போதனையில வளர்க்க சொல்றதுக்கு முன்னாடி கோபப்படுத்தாதீங்கனு இருக்கு. கொலோசெயர்ல இன்னும் ஒரு படி மேல போய் பிள்ளைங்க மனசு உடைஞ்சு போயிடும்னே சொல்லியிருக்கு. எங்க அப்பா எல்லா வசனமும் பிரசங்கம் பண்ணுவாரு, இந்த ரெண்ட மட்டும் பண்ணி நான் கேட்டதில்ல.

---

தரங்கை லுத்தரன் | சனி மதியம் 12:30

சண்டைக்கு நடுவுல கொஞ்சம் ஹிஸ்டரி பேசிக்கிறேன், எனக்கு இதுல பைத்தியம்.

எங்க லுத்தரன் சபைக்கு மூலகாரணமான மார்ட்டின் லூத்தர் 1529ல சின்ன ஞானோபதேசம் (விசுவாசத்த கேள்வி பதிலா சொல்ற சின்ன புக்) எழுதினாருல்ல, அத இப்ப நாம கன்ஃபர்மேஷன் பசங்களுக்கு ஐயர் சொல்லித்தர்ற புக்குனு நினைச்சிட்டு இருக்கோம். அதோட ஒவ்வொரு பகுதி தலைப்புலயும் என்ன இருக்குன்னா, வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு இத எளிமையா எப்படி சொல்லித்தரணும்னுதான். அந்த ஊர் சபைங்கள சுத்திப் பாத்துட்டு வந்து, ஜனங்களுக்கு கர்த்தருடைய ஜெபம் கூட தெரியலயேனு நொந்துபோய் எழுதினது. ஸ்கூலுக்கோ ஐயருக்கோ மட்டும்னு எழுதல, அப்பன்காரன் கைல குடுத்தாரு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706ல எங்க ஊர் தரங்கம்பாடில வந்து இறங்கி தமிழுக்கு கொண்டுவந்த புக்குங்கள்ல இதுவும் ஒண்ணு. நம்மாளுங்க அத வாங்கி நேரா ஐயர் கைல திருப்பி குடுத்துட்டோம்.

சண்டே ஸ்கூலும் இதே கதைதான். இங்கிலாந்துல க்ளாஸ்டர்னு ஒரு ஊர், 1780ல ராபர்ட் ரெய்க்ஸ்னு ஒரு பத்திரிகைக்காரர் பெருசா ஆரம்பிச்சு பரப்பினது. யாருக்கு? வாரம் பூரா வேலைக்கு போய்ட்டு ஞாயிறு மட்டும் லீவு கிடைச்ச ஏழைப் பிள்ளைங்களுக்கு, எழுத படிக்க சொல்லித்தர. பைபிள வச்சுதான் எழுத்தே சொல்லிக்குடுத்தாங்க. படிச்ச அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்கு மாத்தா யாரும் இத கண்டுபிடிக்கல.

---

ரெண்டு பிள்ளை அம்மா | சனி மதியம் 2:10

லுத்தரன் அண்ணா, வீட்டுத் தலைவன்னு சொல்லிட்டீங்க, எங்க வீட்ல அவர் கோயிலுக்கே வரமாட்டாரு. தப்பா சொல்லல, நல்ல மனுஷன், எங்கள தடுக்கவும் மாட்டாரு, கேட் வரைக்கும் வண்டில கொண்டு வந்து விட்டுட்டு டீக்கடைல பேப்பர் படிப்பாரு. பொண்ணு இப்பல்லாம் கேக்குறா, "அப்பா வெளிய இருக்கலாம்னா நானும் இருக்கலாமா?" இதுக்கு நான் என்ன சொல்றது. ஒத்த ஆளா இழுத்து இழுத்து கை வலிக்குது.

---

பாளை டீச்சரக்கா | சனி மதியம் 3:02

ஏளா, நீ தனி ஆளு இல்ல. தீமோத்தேயுவோட அப்பா கிரேக்கர்னு அப்போஸ்தலர் 16ல ஒரு வரி வரும், அதோட சரி. பவுல் கடுதாசி எழுதும்போது நினைச்சுப் பாக்கது பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும்தான். பொம்பளைங்க ரெண்டு பேரு சேந்து வளத்த பிள்ளை அது. உங்க அம்மாவோ மாமியாரோ யாராவது இருந்தா அவங்கள கூட்டு சேத்துக்க. கேட் வரைக்கும் கொண்டுவந்து விடுத மனுஷன குறையா பேசி பிள்ளைங்க முன்னாடி சண்டை மட்டும் போட்றாத, அந்த டீக்கடைக்கும் கோயிலுக்கும் நடுவுல ரோடுதான் இருக்கு.

நேத்து சொன்ன டியூஷன் விஷயம். நான் காவற்கோபுரம் பிரதர் அளவுக்கு போகமாட்டேன், ஆனா ஒண்ணு. "ரெண்டு வருஷம்தானே"னு சொல்லுத எல்லாரையும் பாத்துட்டேன். பத்தாவதுக்கு ஒரு வருஷம், ப்ளஸ் டூக்கு ரெண்டு வருஷம், நீட் ரிப்பீட் ஒண்ணு, அப்புறம் காலேஜ். எது முக்கியம்னு நாம வாய்ல சொல்ல வேண்டியதே இல்ல, டைம்டேபிள் சொல்லிரும். ஆராதனை எட்டரைக்குன்னா ஆறு மணி ஆராதனையோ சாயங்கால ஆராதனையோ பக்கத்து சபைல இருக்கும். குடும்பத்தோட அதுக்கு மாறுங்க. அவன மட்டும் தனியா அனுப்பாதீங்க, அவனுக்காக நீங்க நாலு பேரும் மாறுங்க. அஞ்சு மணிக்கு அலாரம் வச்சு அப்பாவும் எழுந்திருக்காருன்னா அந்தப் பயலுக்கு புரியும்.

---

துபாய் செல்வி | சனி மாலை 5:40

இங்க வந்து பாருங்க. வருஷக்கணக்கா வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு "ஞாயிறு". 2022ல வீக்கெண்ட சனி ஞாயிறுக்கு மாத்தினாங்க, அப்பவும் நிறைய சபை வெள்ளிய விடல. என் பையன் சின்னதுல "இயேசு வெள்ளிக்கிழமை உயிர்த்தெழுந்தாரு"னு எழுதி வச்சிருந்தான் 😄 கிழமை மாறினா ஒண்ணும் ஆகாது, குடும்பமா போறதுதான் விஷயம்.

எங்க பிரச்சனை வேற, பாஷை. என் பசங்களுக்கு தமிழ் பேச வரும், படிக்க வராது. குடும்ப ஜெபத்துல தமிழ் பைபிள எடுத்தா "இருக்கக்கடவது", "சொல்லிற்று"னு வரும்போது மூஞ்ச மூஞ்ச பாக்குறாங்க. இங்கிலீஷ்ல படிச்சா எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது. அழுகை வந்தா தமிழ்லதானே வருது. யாராவது இதுக்கு வழி கண்டுபிடிச்சீங்களா?

---

மலைக்கோட்டை சவேரி | சனி இரவு 8:25

நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்), உள்ள வரலாமா? எங்க பக்கமும் இதே கதைதான். புதுநன்மை (முதல் தடவ நற்கருணை) வாங்குற வரைக்கும் மறைக்கல்விக்கு கிளாஸ் நிரம்பி வழியும், வெள்ளை டிரஸ் போட்டு போட்டோ எடுத்து முடிஞ்சதும் அடுத்த வாரம் பாதி பெஞ்ச் காலி. அப்புறம் உறுதிப்பூசுதலுக்கு (உங்க திடப்படுத்தல் மாதிரி) திரும்ப ஒரு கூட்டம் வரும். 1964லயே வத்திக்கான் சங்கம் குடும்பத்த வீட்டுத் திருச்சபைனு சொல்லி, பெத்தவங்கதான் பிள்ளைக்கு முதல் போதகர்கள்னு எழுதி வச்சாச்சு. நாங்க ஃபாதரையும் சிஸ்டரையும் நம்பி ஹாயா இருக்கோம். ஞானத்தகப்பன்னு ஒருத்தர வேற நிக்க வைக்கிறோம். என் ஞானத்தகப்பன் எனக்கு செஞ்சது ஒரு மோதிரம், என் கல்யாணத்துல ஒரு மொய் கவர். நானும் என் ஞானமகனுக்கு அதேதான் செஞ்சிட்டு இருக்கேன்னு இப்ப எழுதும்போதுதான் உறைக்குது.

எங்க வீட்ல ஜெபமாலை உண்டு, ஆனா அம்மா சொல்ல நாங்க போன் நோண்டிட்டே "அர்ச்சியசிஷ்ட மரியாயே"னு வாய மட்டும் அசைப்போம். 2020 லாக்டவுன்ல கோயில் மூடினாங்கல்ல, அப்ப யூட்யூப்ல பூசை பாத்துட்டு ஒரு நாள் என் பொண்ணு "நாமளே வாசகம் படிக்கலாமா"னு கேட்டா. அந்த ரெண்டு மூணு மாசம்தான் எங்க வீடு வீட்டுத் திருச்சபையா இருந்துச்சு. கோயில் திறந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

---

வேலூர் கிரேஸ் அம்மா | சனி இரவு 9:48

பெரியவ ஒரு வார்த்தை சொல்லலாமா. எனக்கு 63. நாங்க எல்லாம் செஞ்சோம். குடும்ப ஜெபம் தப்பாது, விபிஎஸ் (லீவுல நடக்குற வேதாகமப் பள்ளி), சண்டே ஸ்கூல், கொயர் எல்லாத்துலயும் என் மக முதல். அடிச்சு வளக்கல, ஒரு சத்தம் போட்டதில்ல. இன்னைக்கு அவ வெளிநாட்டுல இருக்கா, இதெல்லாம் எனக்கு வேணாம்மானு தெளிவா சொல்லிட்டா. கோவமா கூட சொல்லல. பிள்ளைய நடக்கவேண்டிய வழில நடத்து, முதிர்வயசுலயும் அத விடமாட்டான்னு நீதிமொழில இருக்கே, அத யாராவது சபைல படிச்சா நான் தலைய குனிஞ்சுக்குவேன். எல்லாரும் என்னைய பாக்குற மாதிரி இருக்கும். எங்க தப்பு பண்ணோம்னு தினமும் தேடுறேன், கிடைக்க மாட்டேங்குது.

---

காவற்கோபுரம் | சனி இரவு 10:20

அம்மா, மன்னிச்சுக்கோங்க. நான் காலைல எழுதினத இப்ப நீங்க படிச்சிருப்பீங்கனு நினைக்கும்போது கஷ்டமா இருக்கு. என் பிள்ளைங்களுக்கு ஏழும் நாலும்தான் வயசு, ஞாயிறுனா ஞாயிறுனு பேசுறது எனக்கு ஈஸி. உங்க மகளுக்காக ஜெபிக்கிறேன்.

---

மூணாம்பெஞ்ச் | சனி இரவு 10:37

அம்மா, விட்டுப்போன பிள்ளைல ஒருத்தனா சொல்றேன். நீதிமொழிங்கறது பழமொழி மாதிரிதான், பொதுவா இப்படி நடக்கும்னு சொல்றது, கேரண்டி கார்டு இல்ல. அந்த கெட்ட குமாரன் கதைல அப்பா என்ன தப்பு பண்ணாரு? ஒண்ணும் இல்ல. ஆனாலும் பையன் போனான். உங்க மக உங்ககிட்ட மறைக்காம நேரா சொல்லிட்டா பாருங்க, அதுவும் நீங்க சத்தம் போடாம வளத்ததாலதான். நான் எங்க அப்பாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. போன்ல "கோயிலுக்கு போனியா"ம்பாரு, "ம்"னு சொல்லிடுவேன். அந்த பொய்யவிட உங்க மக சொன்ன உண்மை மேல்.

---

பாளை டீச்சரக்கா | ஞாயிறு மாலை 4:15

கிரேஸ் அக்கா, உங்களுக்கு என்ன சொல்லன்னு தெரியல, மூணாம்பெஞ்ச் தம்பி சொன்னதுக்கு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. வாராவாரம் அவ கூட பேசுதீங்கல்ல, அத விட்றாதீங்க.

நாசரேத் தம்பிக்கு இன்னொண்ணு. மெதடிஸ்ட் சபைய ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியோட அம்மா சூசன்னா பத்தி படிச்சிருப்பீங்க. 19 பிள்ளை பெத்து பாதி சின்னதுலயே தவறிப்போச்சு. மிச்சம் இருந்த பிள்ளைங்க ஒவ்வொண்ணுக்கும் வாரத்துல ஒரு ராத்திரி தனியா ஒதுக்கி வச்சிருந்தாங்க, ஜானுக்கு வியாழக்கிழமை. அவ்ளோ பிள்ளைங்கள வச்சுட்டு, கையில காசும் இல்லாம, அந்தம்மா இத பண்ணிருக்கு. நமக்கு ரெண்டு. உபாகமம் 6லயும் பாய் விரிச்சு உக்காரச் சொல்லல, வீட்ல இருக்கும்போது, வழில நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போதுன்னுதான் இருக்கு. பையன வண்டில ஸ்கூலுக்கு கொண்டு விடுதீங்கன்னா அதான் "வழில நடக்கும்போது". ஹெல்மெட்ட கழட்டிட்டு பேசுங்க, அவ்ளோதான் 😀

---

நாசரேத்துக்காரன் | செவ்வாய் இரவு 11:30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தனித்தனியா பதில் போடணும், ஆபீஸ் விடல. நடந்தத மட்டும் சொல்லிடுறேன்.

ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நான் பேச ஆரம்பிச்சேன். மூணாம்பெஞ்ச் தம்பி எழுதினதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு, அதனால முதல்ல சாரி கேட்டேன். "உனக்கு பேர் வைக்கிற அன்னைக்கு சபை முன்னாடி ஒரு வாக்கு குடுத்தேன், 14 வருஷமா செய்யல"னு. பையன் ஒரு மாதிரி ஆயிட்டான். "இட்ஸ் ஓகேப்பா, யாருமே பண்றதில்ல, கிளாஸ்ல பாதி பேரு சும்மா சொன்னானுங்க"ன்னான். எட்டு மணி ஒன்பது மணி எல்லாம் கப்சாவாம்!

சரி, ஒரு பத்து நிமிஷம்னு உக்காந்தோம். துபாய் சிஸ்டர் சொன்ன அதே பாஷை பிரச்சனை எங்க வீட்லயும். அதனால அவன் இங்கிலீஷ்ல ஒரு வசனம், நான் தமிழ்ல அதே வசனம்னு மாத்தி மாத்தி படிச்சோம். 23ஆம் சங்கீதம், எனக்கு ஆச்சி கிள்ளி கிள்ளி சொல்லிக்குடுத்தது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்"ங்கற முதல் வசனத்துலயே நிறுத்திட்டான். "தாழ்ச்சியடையேன்னா என்னப்பா? கீழ விழமாட்டேனா?" நான் முழிச்சேன். நாப்பது வருஷமா மனப்பாடமா சொல்றேன், கோயில்ல பாடுறேன், வீட்டு வாசல்ல ஸ்டிக்கர் கூட ஒட்டிருக்கு. அவமானப்பட மாட்டேன்னுதான் நான் இத்தன நாளா மனசுக்குள்ள நினைச்சிட்டு இருந்தேன். அவன் இங்கிலீஷ்ல படிச்சதோ வேற மாதிரி இருக்கு. பொண்ணு வேற "அப்பாவுக்கு தெரியல, அப்பாவுக்கு தெரியல"னு ஒரே குதி. ஊருக்கு போன் போட்டா அம்மா தூங்கிட்டாங்க. யாராவது சரியா சொல்லுங்க, நாளைக்கு ராத்திரி பதில் சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

டியூஷன் இன்னும் முடியல. வீட்டம்மா இந்த இழைய முழுசா படிச்சாங்க, ஆறு மணி ஆராதனைக்கு "பாக்கலாம்"னு சொல்லிருக்காங்க. அவங்க பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு கல்யாணம் ஆனவங்களுக்கு தெரியும்.

---

மலைக்கோட்டை சவேரி | செவ்வாய் இரவு 11:52

அண்ணே, இதுக்கு எங்க பைபிள்ல பதில் இருக்கு. உங்களோடது 19ஆம் நூற்றாண்டு தமிழ், 1995ல வந்த பொது மொழிபெயர்ப்புல "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை"னு இருக்கும். தாழ்ச்சினா இங்க குறைவு, பற்றாக்குறை. எனக்கு எதுவும் குறைவுபடாதுனு அர்த்தம்.

---

நாசரேத்துக்காரன் | புதன் காலை 6:40

தெய்வமே. இவ்ளோதானா? வண்டில போகும்போதே சொல்லிடுறேன், ராத்திரி வரைக்கும் தாங்காது.

---

துபாய் செல்வி | புதன் காலை 8:15

அந்த மாத்தி மாத்தி படிக்கிறத நானும் வெள்ளிக்கிழமை ட்ரை பண்றேன். ஆனா ஒரு டவுட், ரெண்டாவது வசனத்துல "மேய்த்து"க்கு என் பையன் என்ன கேப்பான்னு இப்பவே பயமா இருக்கு, அவன் ஆட்டை பிரியாணிலதான் பாத்திருக்கான்.